உரிமையாளர் குடியிருக்கிறார்: ஆம்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஷர்மிளா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கோப்பு அறையில் என் நாற்காலிக்கு வந்தவள். திருச்சிப் பெண், கெட்டிக்காரி.

"சார், இனிமே சோதனைக்குன்னு யாரும் வீட்டுக்குப் போக வேண்டாமாம். எல்லாம் ஆப்லயே முடிஞ்சிடும். வீட்டுக்காரரே போட்டோ எடுத்து அனுப்பிடுவார். நீங்கள்லாம் போன காலத்துல வீட்டுல என்னென்ன பாப்பீங்கன்னு ஒரு லிஸ்ட் கேக்கறாங்க. அதைக் கேள்வியா மாத்தணுமாம்."

எழுதி அனுப்புகிறேன் என்றேன். அன்று மாலையே ஒரு பக்கம் எழுதி அனுப்பியும் விட்டேன். அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். எனக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. பஹ்ரைனில், ஈசா டவுனில் மகள் வீட்டில் இருக்கிறேன். அவள் இங்கே பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். கட்டணச் சலுகைப் பிரிவு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்க் குடிமகன் ஒருவர் தன் சொந்த வீட்டில் தானே குடியிருந்தால், மின்சாரம், தண்ணீர், அதோடு சேர்ந்து வரும் நகராட்சிக் கட்டணம் எல்லாவற்றிலும் சலுகை உண்டு. ஒருவருக்கு ஒரு வீட்டுக்குத்தான். நம் ஊரில் வீட்டுவரி வீட்டைப் பார்த்துப் போடுவது. இங்கே சலுகை ஆளைப் பார்த்துக் கொடுப்பது. ஆள் இடம் மாறினால் சலுகையும் போய்விடும். அதனால் வீட்டுக்காரர் பல விஷயங்களைத் தானாகவே வந்து தெரிவிக்க வேண்டும். வேறு வீட்டுக்குப் போனால் தெரிவிக்க வேண்டும். ஒரு அறையை வாடகைக்கு விட்டால்கூடத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டில் நீண்ட நாள் தங்கினாலும் அப்படியே. உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசுகள் வந்து சொல்ல வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அதனால்தான் எங்களுக்கு வேலை இருந்தது.

மயிலாடுதுறையில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, ஒரு மேன்பவர் கம்பெனி விசாவில் மீட்டர் ரீடிங் எடுக்க வந்தேன். ஆறு வருடம் வெயிலில் நடந்தேன். நடந்த தெருக்களிலேயே அரபி எழுத்துக் கற்றுக்கொண்டேன். கடைப் பலகைகளும் வீட்டு வாசல் பெயர்களும்தான் என் பாடப்புத்தகம். அரபி படிக்கத் தெரிந்த மீட்டர்காரன் என்று கேள்விப்பட்டு அபு யூசுப் என்னைத் தன் பிரிவுக்குக் கேட்டு வாங்கினார்.

அபு யூசுப் எங்கள் பிரிவுத் தலைவர். ஒல்லியான, உயரமான பஹ்ரைனி. நின்றுகொண்டுதான் படிவம் படிப்பார். ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு மர ஸ்கேலை வைத்து, அதை மெல்ல இறக்கிக்கொண்டே போவார். பிழை இருந்தால் சத்தம் போட மாட்டார். படிவத்தைக் கொண்டுவந்து நம் மேசையில் குப்புற வைத்துவிட்டுப் போய்விடுவார். காலையில் வந்ததும் மேசையில் ஒரு தாள் குப்புறக் கிடந்தால் முதல் வேலை அதைத் திருத்துவதுதான். அன்றைய படிவம் முழுவதும் முடியும்வரை டீ குடிக்க மாட்டார். எல்லாம் படித்து முடித்ததும் கையெழுத்துக்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை கேட்பார்: "ஷிஃப்த்?"

பார்த்தாயா என்று அர்த்தம். நாங்கள் "ஷிஃப்த்" என்று சொல்ல வேண்டும். பார்த்தேன் என்றும் அதே வார்த்தைதான். பிறகுதான் பேனாவைத் திறப்பார்.

வீட்டைப் பார்க்கிற விதம் அவர் சொல்லிக் கொடுத்தது. நீங்கள் இங்கே இருக்கிறீர்களா என்று யாரையும் கேட்கக் கூடாது, எல்லோரும் ஆமாம் என்பார்கள். உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். அந்த வீட்டில் வாழ்கிறவர் யோசிக்காமல் கை காட்டுவார். குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். புழங்காத குழாயில் முதலில் துருத்தண்ணீர் வரும். மருந்து அட்டையில் எத்தனை மாத்திரை போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மீட்டர் ரீடிங்கை மாதா மாதம் ஒப்பிட வேண்டும். ஆள் வாழும் வீட்டில் அது ஏறும், இறங்கும். விளக்கு மட்டும் போட்டு வைத்த வீட்டில் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். கடைசியாக உரிமையாளரின் முகத்தை அடையாள அட்டையோடு ஒப்பிட வேண்டும். முகம் பார்க்காவிட்டால் படிவத்தில் "மறுபடி வர வேண்டும்" என்ற கட்டத்தில் குறி போட வேண்டும். அப்படிப் போட்டால் அடுத்த வாரம் வேறு இரண்டு பேர் போவார்கள், ஒருவர் பெண் அதிகாரி.

ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. முஹர்ரக்கில் பழைய வீடு. போகும்போதெல்லாம் மகன்தான் கதவைத் திறப்பார். அப்பா பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார் என்பார். வாசலில் அப்பாவின் செருப்பு இருக்கும். மூன்றாவது முறை குனிந்து பார்த்தேன். செருப்பின் மேல்வார் துடைத்துச் சுத்தமாக இருந்தது. தையல் இடுக்கில் மட்டும் தூசி கெட்டியாகப் படிந்திருந்தது. பள்ளிவாசலுக்கு எதைப் போட்டுக்கொண்டு போனார் என்று கேட்டேன். மகன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அபு யூசுப் அந்தச் சலுகையை அன்றே ரத்து செய்தார். மறுநாள் தானே அந்த வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து துக்கம் விசாரித்தார். வாரிசுகள் பெயரில் புதிதாக எப்படி விண்ணப்பிப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ரத்தும் செய்துவிட்டு அங்கே ஏன் போனீர்கள் என்று கேட்டேன். "ரத்து செய்தது ஆபீஸ். போனது நான்" என்றார்.

அப்படிப்பட்டவரிடம் பதினோரு வருடம் வேலை பார்த்த பிறகுதான் அந்த அக்டோபர் மாதம் வந்தது.

ஈசா டவுனில் பழைய வரிசை வீடுகளில் ஒரு மாடி வீடு. உரிமையாளர் ஒரு விதவை. எழுபத்தெட்டு வயது, தனியாக இருப்பவர், பணிப்பெண் ஒருத்தி உண்டு என்று படிவத்தில் இருந்தது. என்னோடு வர வேண்டிய ஆள் அன்று லீவு. தனியாகப் போகக் கூடாது என்பது விதி. பட்டியலில் இருபது வீடு பாக்கி இருந்ததால் போனேன்.

காலை பத்தரை மணி இருக்கும். மணி அடித்தேன். கதவு திறக்கவில்லை. வீட்டின் பக்கவாட்டில் சமையலறை ஜன்னல், இரும்புக் கம்பி போட்டது. அங்கிருந்து ஒரு பெண்குரல் இந்தியில் வந்தது.

"மேடம் சோ ரஹி ஹை. பாத் மே ஆவோ."

மேடம் தூங்குகிறார், பிறகு வா என்ற அந்த இந்தியைக் கேட்டதுமே நம் ஊர்ப் பெண் என்று தெரிந்துவிட்டது. "தமிழாம்மா?" என்றேன்.

கம்பிக்குப் பின்னால் ஒரு முகம் வந்தது. நாற்பது வயதுக்கு மேலிருக்கும். தலையில் துணி கட்டியிருந்தாள். சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த வேலையில் பார்த்ததில்லை. சோதனைக்கு வருகிறவனைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள்.

"ஆமாண்ணே. அரியலூர் பக்கம். நீங்க?"

"மயிலாடுதுறை. நான் ஆபீஸ்லேருந்து வரேன். பெரிய மேடத்தைப் பாக்கணும். அஞ்சு நிமிசம்."

"தூங்குறாங்கண்ணே."

"எழுப்பு. நான் முகத்தைப் பாத்தாப் போதும்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, நம்ம ஊரு ஆளுன்னு சொல்றேன். பெரிய மேடம் இங்க இல்ல. ஜூன் மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. மகன் வந்து ரிஃபாவுல அவங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு. என்னைய இங்கயே இருக்கச் சொல்லிட்டாங்க. காலையிலயும் சாயங்காலமும் லைட்டப் போடணும். மேடம் ரூமுல ஏசி ஓடணும். தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்தணும். யாராச்சும் வந்தா மேடம் தூங்குறாங்கன்னு சொல்லணும்."

"இது தப்பும்மா. நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதிப்புடாதீங்கண்ணே. எழுதுனா வீட்டப் பூட்டிருவாங்க. என் விசாவ கேன்சல் பண்ணி அனுப்பிடுவாங்க. எம்பொண்ணு நர்சிங் படிக்குது, இன்னும் ஒண்ணர வருசம் இருக்கு. அதுவரைக்கும் நான் இங்க இருந்தாத்தான் அது படிப்ப முடிக்கும். ஒரு கிழவி தூங்குறதா எழுதுனா உங்களுக்கு என்னண்ணே போவுது?"

அவள் பெயரைக் கேட்டேன். வளர்மதி என்றாள். கதவைத் திற, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

"சாவி டிரைவர்கிட்ட இருக்குண்ணே. வெள்ளிக்கிழம சாமான் கொண்டாருவாரு, அப்பத்தான் தெறப்பாரு."

இந்த வாக்கியத்தை நான் கேட்டேன். காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு பெண்ணை வெளியிலிருந்து பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. பல வீடுகளில் இப்படித்தான், பாதுகாப்புக்காக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளும் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. சாவி இல்லாததற்குக் காரணமாகத்தான் சொன்னாள்.

பெரிய மேடத்தின் அடையாள அட்டையை அந்த வீட்டிலேயே விட்டுவைத்திருந்தார்கள், என்னைப் போல யாராவது வந்தால் காட்டுவதற்கு. வளர்மதி அதைக் கம்பி வழியாக நீட்டினாள். புகைப்படத்தில் ஒடுங்கிய முகம், கண்ணில் ஒரு கோபம். எண்ணைப் படிவத்தில் எழுதினேன். "உரிமையாளர் குடியிருக்கிறார்" என்பதற்கு எதிரே "ஆம்" போட்டேன். "நேரில் பார்த்தது" என்பதற்கு எதிரேயும் "ஆம்" போட்டேன். "மறுபடி வர வேண்டும்" கட்டம் அதற்கு நேர் கீழே காலியாக இருந்தது. அதில் குறி போட்டிருந்தால் பொய்யும் இல்லை, யாரையும் காட்டிக் கொடுத்ததும் இல்லை. அடுத்த வாரம் இரண்டு பேர் வந்து கதவைத் திறக்கச் சொல்லியிருப்பார்கள். அவளுக்கு வேலை போய்விடும் என்றுதான் போடவில்லை. ஒரு நல்ல காரியம் செய்கிற நினைப்பு அந்த நேரத்தில் எனக்கு இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

"நல்லா இருப்பீங்கண்ணே" என்றாள்.

மறுநாள் அபு யூசுப் ஸ்கேலை இறக்கிக்கொண்டே வந்தார். அந்தப் படிவத்தில் ஒரு பிழையும் இல்லை. "ஷிஃப்த்?" என்றார். "ஷிஃப்த்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. குளிர்காலம் போய் வெயில் வந்தது.

ஜூலையில் நடந்ததை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பெரிய மேடத்தின் மகன் குடும்பத்தோடு விடுமுறைக்கு வெளிநாடு போனார். தாயையும் ஒரு நர்ஸையும் கூடவே அழைத்துக்கொண்டு போனார். டிரைவரும் ஊருக்குப் போய்விட்டான். வேறு ஒரு ஆளிடம் சாவியைக் கொடுத்து, வாரா வாரம் சாமான் வாங்கிக் கொடு என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆள் முதல் வாரம் வந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. வளர்மதியிடம் இருந்த போனில் பேலன்ஸ் தீர்ந்து பல நாள் ஆகியிருந்தது. நடுவில் ஏசி நின்றது. ஜூலை மாதம் இங்கே ஏசி இல்லாத அறை என்றால் என்ன என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பச்சரிசியும் குழாய்த் தண்ணீரும் இருந்திருக்கின்றன. கேஸ் தீர்ந்த பிறகு அரிசியை ஊற வைத்துத் தின்றிருக்கிறாள். கடைசியில் மாடி ஜன்னல் கண்ணாடியை உடைத்து, தெருவில் போன ஒரு பஹ்ரைனிப் பெண்மணியைக் கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் பெண்மணிதான் போலீஸை வரவழைத்துப் பூட்டை உடைக்க வைத்தார்.

நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிறகு ஆதரவற்ற பெண்களுக்கான ஒரு விடுதியில் வைத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் என்னைத் தனியாகப் பூட்டி வைத்திருந்தார்கள் என்று புகார் கொடுத்தாள்.

மகன் திரும்பி வந்து அதை மறுத்தார். என் அம்மா அந்த வீட்டில்தான் இருந்தார், இந்தப் பெண் அவரோடுதான் இருந்தாள், விடுமுறைக்காக இந்த மாதம்தான் அம்மாவை அழைத்துப் போனோம், பூட்டியது சாமான் கொண்டுவந்த ஆளின் கவனக்குறைவு என்றார். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது, போன அக்டோபரில் அரசாங்க ஆள் வந்து என் அம்மாவை நேரில் பார்த்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார் என்றார்.

அபு யூசுப் என்னை அறைக்குள் கூப்பிட்டார். அவர் முன்னால் என் படிவம் இருந்தது. விசாரணைக்காரர்கள் நகல் கேட்டிருக்கிறார்கள் என்றார். அவர் பாதி இந்தியிலும் பாதி அரபியிலும் பேசுவார்.

"மூர்த்தி, இந்த வீட்டுப் பெண் சொல்கிறாள், ஜூனிலிருந்து கிழவி அங்கே இல்லை என்று. நீ அக்டோபரில் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். இரண்டில் ஒன்றுதான் உண்மை."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஷிஃப்த்?"

என் மகள் அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. அரசாங்கத் தாளில் பொய் எழுதினால் வேலை போவதோடு நிற்காது. கேஸ் வரும், விசா போகும். குடும்பத்தோடு ஊருக்குத் திரும்ப வேண்டும். இதெல்லாம் அந்த ஒரு நொடியில் மனசில் ஓடியது. வளர்மதி மனசில் வரவில்லை. அதை உள்ளபடியே எழுதுகிறேன். ஊறவைத்த அரிசியும் உடைந்த கண்ணாடியும் அந்த நேரத்தில் என் நினைவிலேயே இல்லை.

"ஷிஃப்த்" என்றேன்.

அவர் தாளை உறையில் போட்டு ஒட்டினார்.

இரண்டு வாரம் கழித்து சேவியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தூத்துக்குடிக்காரர். ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட். வேலை நேரம் போக, மாட்டிக்கொண்ட நம் ஊர்க்காரர்களுக்காக ஆஸ்பத்திரி, விடுதி, தூதரகம் என்று அலைகிறவர். என் மனைவி பத்மா டீ கொடுத்தாள். அவர் டீயைத் தொடவில்லை.

"வளர்மதின்னு ஒரு பொண்ணு கேஸு சார். முடிஞ்சு போச்சு. ஆபீஸ் பேப்பர்ல மேடம் இருந்ததா இருக்கு. அதனால இவ சொல்றது எதுவுமே எடுபடல. டிக்கெட் எடுத்துத் தர்றோம், புகாரை வாபஸ் வாங்கிக்கன்னு சொல்றாங்க. சம்மதிச்சிட்டா. வியாழக்கிழமை ஃபிளைட்."

நான் தலையை ஆட்டினேன்.

"நான் அவகிட்ட கேட்டேன் சார். அந்தப் பேப்பர் எப்படி வந்துச்சுன்னு. ஒரு தமிழ் அண்ணன் வந்தாரு, நான் கெஞ்சினதாலதான் அப்படி எழுதினாருன்னா. அவரை வந்து சொல்லச் சொல்லலாமேன்னேன். வேணாங்க, அவரத் தேடாதீங்க, அவரும் புள்ளகுட்டிக்காரரா இருப்பாருன்னு சொல்லிட்டா. அதுக்கு மேல வாயத் தொறக்கல." டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உங்க பிரிவுல வீடு பாக்கப் போற தமிழ் ஆளுங்க ரெண்டு பேருதான். அது நீங்களா சார்?"

"இல்ல" என்றேன்.

அவர் எழுந்து போய்விட்டார். பத்மா டம்ளரை எடுக்க வந்தவள் எடுக்காமல் நின்றாள். இருபது வருடம் கூட வாழ்ந்தவளிடம் எதை மறைக்க முடியும். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை.

"இன்னிக்கு திங்கட்கிழம. நாளைக்குப் போயி உங்க ஆபீசர்ட்ட சொல்லிடுங்க. வேல போனா போவட்டும். அவ ஏறிப் போறதுக்குள்ள சொல்லணும்."

"பாப்பாவுக்குப் பரீட்ச வருதே?"

"அந்த வளர்மதிக்கும் ஒரு பொண்ணு இருக்குல்ல?"

செவ்வாய்க்கிழமை அபு யூசுப் மீட்டிங்கில் இருந்தார். காத்திருந்திருக்கலாம், காத்திருக்கவில்லை. புதன்கிழமை அவர் அறை வாசல்வரை போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள், திரும்பிவிட்டேன். அரை மணியில் அவர்கள் போய்விட்டார்கள் என்பது என் இடத்திலிருந்தே தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. வியாழக்கிழமை அவள் போய்விட்டாள். வெள்ளி, சனி இங்கே விடுமுறை; ஞாயிற்றுக்கிழமை காலை, அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாக அவர் முன்னால் போய் நின்றேன்.

"நான் அந்தக் கிழவியைப் பார்க்கவில்லை" என்றேன். அரபியில்தான் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

அவர் உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து வைத்து, நடந்ததை உன் கையாலேயே எழுது என்றார். எழுதினேன். ஜன்னல், கம்பி, அடையாள அட்டை, சாவி டிரைவரிடம் இருந்தது எல்லாம் எழுதினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் நின்றுகொண்டு, ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது. பேனாவை என்னிடம் கொடுத்து என்னையே திருத்தச் சொன்னார். திருத்தினேன். தேதி போடச் சொன்னார். வியாழக்கிழமைக்கு முன்னாலுள்ள தேதியைப் போட்டுவிடலாமா என்று என் கை ஒரு கணம் தயங்கியது. அவர் அதைக் கவனித்தார்.

"இன்றைய தேதி" என்றார்.

போட்டேன்.

"அந்தப் பெண் போய்விட்டாளா?"

"போன வியாழக்கிழமை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இது அவளுக்கு உதவாது. ஆனால் கோப்பில் இருக்க வேண்டும்" என்றார்.

அந்தத் தாள் மேலே போயிற்று. அந்த வீட்டுக்குச் சலுகை ரத்தாயிற்று. மகன் தெரிவிக்காமல் மறைத்ததற்கு அபராதம் கட்டினார். பெண்ணைப் பூட்டி வைத்த விஷயத்தை மறுபடி எடுக்கவில்லை. புகார் கொடுத்தவள் வாபஸ் வாங்கிவிட்டாள், நாட்டிலும் இல்லை என்றார்கள். ஆக, மின்சாரக் கட்டணத்துக்கு நியாயம் கிடைத்துவிட்டது.

என்னை அனுப்பிவிடுவார்கள் என்று பத்மா பெட்டிகளைத் தூசி தட்டி வைத்திருந்தாள். அனுப்பவில்லை. இந்த ஆள் தானாக வந்து சொன்னான் என்று அபு யூசுப் குறிப்பு எழுதியிருந்தார். வெளியே போகும் வேலையை எடுத்துவிட்டுக் கோப்பு அறையில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். அவர் கையெழுத்து என் கையெழுத்துக்குக் கீழே இருந்ததால் அவரிடமும் விளக்கம் கேட்டார்கள். என்ன எழுதிக் கொடுத்தார் என்று தெரியாது. அடுத்த வருடமே வேலையை விட்டுப் போய்விட்டார். அதுவரை தினமும் எனக்கு சலாம் சொன்னார், வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டார், ரமலானில் பேரீச்சம்பழம் கொடுத்து அனுப்பினார். என் மேசையில் எந்தத் தாளையும் குப்புற வைக்கவில்லை. என்னிடம் எதையும் பார்த்தாயா என்று கேட்கவும் இல்லை.

சேவியரைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் சார்" என்றார். வளர்மதியின் ஊர் நம்பரைக் கேட்டேன். முதலில் தரவில்லை. எதுக்கு, உங்க மனசு ஆறதுக்கா என்று கேட்டார். சில மாதம் கழித்து அவரே எழுதி அனுப்பினார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை போன் செய்தேன். அவளே எடுத்தாள். ஈசா டவுன், ஜன்னல் என்று தடுமாறினேன்.

"ஓ, மயிலாடுதுற அண்ணனா!" என்றாள். "நல்லா இருக்கீங்களாண்ணே? உங்களுக்கு ஒண்ணும் பிரச்சன வல்லியே?"

மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை. அவள் குறுக்கே பேசினாள்.

"நாந்தானண்ணே எழுதச் சொன்னேன். நீங்களாவா எழுதுனீங்க? அத உடுங்க."

"பொண்ணு படிப்பு?"

"நிறுத்திட்டோம்ணே. ஜவுளிக்கடையில நிக்குது. நான் முந்திரிக்கொட்ட ஒடைக்கப் போறேன். ஒடம்பு முன்ன மாரி இல்ல, வெயில்ல நின்னா மயக்கம் வருது. அதனால ஒக்காந்த வேல."

நான் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு பொருள் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு கேட்டாள்.

"பெரிய மேடம் எப்படி இருக்காங்க, எதாச்சும் தெரியுமாண்ணே?"

எனக்குத் தெரிந்திருந்தது. கோப்பு அறையில் இறப்புப் பதிவுகளும் என் கை வழியாகத்தான் போகும். முந்தின மாதம்தான் அந்தப் பெயர் வந்திருந்தது. நல்லா இருக்காங்க என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது.

"இறந்துட்டாங்கம்மா. போன மாசம்."

எதிர்முனையில் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று புரிந்தது. அந்தக் குடும்பம் அவளைப் பூட்டி வைத்தது. அந்தக் குடும்பத்துக் கிழவிக்காக அவள் அழுதாள்.

"எந்நேரமும் திட்டுவாங்கண்ணே. ஆனா சோத்தப் பிசைஞ்சு நான் ஊட்டுனாத்தான் சாப்புடுவாங்க. வேற யாரு கொடுத்தாலும் துப்பிருவாங்க. மூணு வருசம் நான்தான் ஊட்டுனேன்." கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "கடைசியில கூட யாருண்ணே இருந்தா?"

"எனக்குத் தெரியலம்மா."

"கேட்டுச் சொல்ல முடியுமா?"

அந்தக் குடும்பத்திடம் நான் போய்க் கேட்க முடியாது என்றேன். சரிண்ணே, வேலைக்கு நேரமாச்சு என்று சொல்லி வைத்துவிட்டாள்.